தேர்ச்சி குறையும் பள்ளியில் முதலில் மாற வேண்டியது எது?

வாசகர் கடிதம்

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள ஒரு பள்ளியின் தலைமையாசிரியை எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன். மூன்று ஆண்டுகளாகக் கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் தேர்ச்சி விழுக்காடு இறங்கிக்கொண்டே வருகிறது. நிர்வாகக் குழு பொறுமையிழந்து நிற்கிறது. முன்னாள் மாணவர்கள் ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த கல்வியாண்டுக்கென ஒரு கொள்கை வரைவைத் தயாரித்து, அதைக் குழுவிடம் கொடுப்பதற்கு முன் என் கருத்தைக் கேட்டிருக்கிறார்.

வரைவில் ஐந்து அம்சங்கள் இருக்கின்றன. எல்லா வகுப்பறைகளுக்கும் ஸ்மார்ட் போர்டு, மாணவர்களுக்கு டேப்லெட். அரையாண்டு மதிப்பெண்ணைக் கொண்டு அ, ஆ, இ என மூன்று பிரிவுகள். இ பிரிவினருக்குக் காலை ஏழு மணிக்கும் பள்ளி முடிந்த பிறகும் சிறப்பு வகுப்பு. வாரந்தோறும் தேர்வு வைத்து, பெயருடன் தரவரிசையை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. ஆசிரியர்களின் ஊதிய உயர்வைத் தேர்ச்சி விழுக்காட்டோடு இணைப்பது. “இ பிரிவுப் பிள்ளைகளுக்கு அடிப்படையே இல்லை. அவர்களைத் தனியே அமர்த்தினால் மற்றவர்களாவது தேறுவார்கள். சில பிள்ளைகள் கண்ணால் பார்த்துக் கற்பவர்கள், திரை வந்தால் அவர்களுக்கு உதவும். போட்டி இருந்தால்தான் படிப்பார்கள். ஆனாலும் பெயரோடு பட்டியல் ஒட்டுவது சரிதானா என்று மனம் தயங்குகிறது” என்று கடிதம் முடிகிறது.

ஆலோசகரின் பதில்

அன்புள்ள தலைமையாசிரியை அவர்களுக்கு,

உங்கள் வரைவில் உள்ள எதுவும் விபரீதமான யோசனை அல்ல. ஒவ்வொன்றும் எத்தனையோ பள்ளிகளில் நல்லெண்ணத்தோடு நடைமுறையில் இருப்பதுதான். ஆனால் ஐந்தையும் ஒருசேரப் படிக்கும்போது ஒரு குறை உறுத்துகிறது. பாடவேளை தொடங்கி முடிவதற்குள் ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர் என்ன செய்கிறார், அதில் எது மாற வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நேரத்தைக் கூட்டுகிறீர்கள், கருவிகளைக் கூட்டுகிறீர்கள், தேர்வுகளைக் கூட்டுகிறீர்கள். கற்பித்தல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே வரைவின் அம்சங்களை ஒவ்வொன்றாக எடைபோடுவதற்கு முன்னால், அதில் இல்லாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

எந்த அடிப்படை இல்லை?

“அடிப்படையே இல்லை” என்ற வாக்கியம் எந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையிலும் கேட்கக் கிடைக்கும். அதற்கு அடுத்து வர வேண்டிய கேள்வி, அதாவது எந்த அடிப்படை, எந்தப் பிள்ளைக்கு என்ற கேள்வி, பெரும்பாலும் வருவதில்லை. ஒரே வகுப்பில் கணிதத்தில் 28 மதிப்பெண் வாங்கிய மூவரின் விடைத்தாள்களை எடுத்து மேசைமேல் விரித்துப் பாருங்கள். முதல் மாணவர் 52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்று எழுதியிருப்பார். அது கவனக்குறைவு அல்ல. ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று அவர் தாமாகவே ஒரு விதியை வகுத்துக்கொண்டு, எட்டிலிருந்து இரண்டையும் ஐந்திலிருந்து மூன்றையும் கழித்திருக்கிறார்; அந்த விதியை ஒருமுறைகூடப் பிசகாமல் பின்பற்றுகிறார். இரண்டாம் மாணவர் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதியிருப்பார். பின்னம் என்பது ஒரே எண் என்பது அவருக்குப் பிடிபடவில்லை, மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணுமாகவே பார்க்கிறார். மூன்றாம் மாணவரின் கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் சரியாகவே இருக்கும், வாக்கியக் கணக்குகள் எல்லாம் வெற்றாக இருக்கும். அவரை அழைத்து அந்தக் கணக்கை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால், எழுத்துக்கூட்டி வரியின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடுவதைக் காண்பீர்கள்.

மூவருக்கும் மதிப்பெண் 28தான். மூவரும் உங்கள் வரைவின்படி இ பிரிவில், ஒரே சிறப்பு வகுப்பில், அதே பாடத்தை அதே முறையில் மீண்டும் ஒருமுறை கேட்பார்கள். முதலாமவருக்குத் தேவைப்படுவது இடமதிப்பைக் கையால் தொட்டு உணரும் சில பாடவேளைகள். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள் போதும். மூன்றாமவருக்குத் தேவைப்படுவது கணித ஆசிரியரே அல்ல. மாணவர்களின் பிழைகள் பெரும்பாலும் தற்செயலாக நேர்வதில்லை, ஒழுங்கான தவறான விதிகளிலிருந்து பிறக்கின்றன என்பதை 1978இலேயே ஜான் சீலி பிரௌனும் ரிச்சர்ட் பர்ட்டனும் கழித்தல் கணக்குகளை வைத்தே விரிவாகக் காட்டிவிட்டார்கள். படித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியறிவும் ஒன்றையொன்று பெருக்கிக் கிடைக்கும் விளைவு, ஒன்று பூஜ்ஜியமானால் மொத்தமும் பூஜ்ஜியம் என்ற எளிய மாதிரியை 1986இல் காஃபும் டன்மரும் முன்வைத்தார்கள். உங்கள் பள்ளியில் கணிதத் தேர்ச்சியும் மொழித் தேர்ச்சியும் சேர்ந்தே இறங்குகின்றன என்பதைப் பார்க்கும்போது, இரண்டும் இரண்டு சிக்கல்கள்தாமா என்றே எனக்குச் சந்தேகம் எழுகிறது.

எனவே கல்வியாண்டின் முதல் இரு வாரங்களில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையாவது, ஒவ்வொரு மாணவரையும் ஓர் ஆசிரியர் தனித்தனியே அமரவைத்து ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதோடு ஒரே பக்க அளவில் நான்கு அடிப்படைச் செயல்கள், பின்னம், தசமம் ஆகியவற்றில் சில கணக்குகளைக் கொடுத்து, விடை சரியா தவறா என்று மட்டும் குறிக்காமல் தவறின் வகையையும் குறித்துக்கொள்ள வேண்டும். 0.45 பெரியதா 0.6 பெரியதா என்ற ஒரே கேள்வி, எட்டாம் வகுப்பிலும் எத்தனை பேருக்குத் தசமம் புரியவில்லை என்பதைச் சொல்லிவிடும். இதற்கு ஆகும் செலவு காகிதமும் ஆசிரியர் நேரமும் மட்டுமே. இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் இதுவும் ஒரு தேர்வாகிவிடும், பிள்ளைகள் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

பிரித்து அமர்த்துவதைப் பற்றி

மட்டத்துக்கு ஏற்பப் பிரிப்பது எப்போதும் தீங்கு என்று நான் சொல்லப்போவதாக நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். சான்றுகள் அவ்வளவு எளிமையாக இல்லை. கென்யாவில் 121 தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், முதல் வகுப்பு மாணவர்களைத் தொடக்க மட்டத்துக்கேற்ப இரண்டாகப் பிரித்த பள்ளிகளில் மேல் பிரிவும் கீழ்ப் பிரிவும் ஒருசேர முன்னேறின. எஸ்தர் டுஃப்ளோ, பாஸ்கலின் டுபாஸ், மைக்கேல் கிரெமர் ஆகியோர் நடத்திய அந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது, எந்த ஆசிரியருக்கு எந்தப் பிரிவு என்பது குலுக்கல் முறையில் முடிவானது. கீழ்ப் பிரிவுக்கு யாரும் விரும்பாத ஆசிரியர் தள்ளிவிடப்படவில்லை. அங்கே பாடமும் அந்தப் பிள்ளைகளின் மட்டத்துக்கு இறங்கி வந்தது.

இதே எண்ணத்தை வேறு வடிவில் செயல்படுத்தியது இந்தியாவின் பிரதம் என்ற தொண்டு நிறுவனம். வகுப்பையும் வயதையும் ஒதுக்கிவைத்து, எழுத்து மட்டும் அறிந்தவர், சொல் படிப்பவர், பத்தி படிப்பவர் எனப் பிள்ளைகளைக் குழுக்களாக்கி, நாளில் ஒரு பகுதியை மட்டும் அதற்கு ஒதுக்கிப் பயிற்சி கொடுத்து, முன்னேறியவரை உடனே அடுத்த குழுவுக்கு அனுப்புவது அதன் முறை. மற்ற நேரத்தில் பிள்ளைகள் தத்தம் வகுப்பில் எல்லோருடனும் அமர்வார்கள்.

உங்கள் வரைவில் இருப்பது இவை இரண்டுமே அல்ல. ஒரே தேர்வின் மொத்த மதிப்பெண், ஆண்டு முழுவதற்கும், எல்லாப் பாடங்களுக்கும், எல்லா நேரத்துக்கும் ஒரு மாணவரின் இடத்தை முடிவு செய்கிறது. கணிதத்தில் தடுமாறி வரலாற்றில் சிறந்து விளங்கும் பிள்ளை இரண்டிலும் இ பிரிவில்தான். போதாததற்கு, பாடத்திட்டம் மூன்று பிரிவுக்கும் ஒன்றே என்றும் எழுதியிருக்கிறீர்கள். மட்டத்துக்கேற்பப் பிரித்துவிட்டு மட்டத்துக்கேற்பக் கற்பிக்காவிட்டால், பிரித்ததால் மிஞ்சுவது பெயர் மட்டுமே. அந்தப் பெயரைப் பிள்ளைகளும், பெற்றோரும், ஏன் ஆசிரியர்களுமே எவ்வளவு விரைவில் நம்பிவிடுவார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் பரிந்துரைப்பது இது. பிரிவுகளைக் கலந்தே வையுங்கள். ஆறு முதல் எட்டு வரை மூன்று வகுப்புகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, அந்த நேரத்தில் மட்டும் வாசிப்புக்கும் கணிதத்துக்கும் மாறி மாறிக் குழு அமைத்துக்கொள்ளுங்கள். வாசிப்புக் குழு வேறு, கணிதக் குழு வேறு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பார்த்துக் குழு மாற்றுங்கள். மிகவும் பின்தங்கிய குழுவுக்கு உங்கள் பள்ளியின் மிகத் தேர்ந்த ஆசிரியரை அனுப்புங்கள். இந்தக் கடைசி அம்சத்தில்தான் எதிர்ப்பு வரும். மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சிறப்பு வகுப்பு

மேலே சொன்ன பாடவேளை பள்ளி நேரத்துக்குள்ளேயே வந்துவிடுவதால், ஏழு மணி வகுப்பைக் கைவிடலாம். பதின்பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் அறிவித்தது. வளரும் வயதில் உறக்கம் வரும் நேரமே இரவில் தாமதமாகிறது என்பதால், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இல் கேட்டுக்கொண்டது. அதிகம் உழைக்க வேண்டிய பிள்ளைகளின் உறக்கத்தைக் குறைத்துவிட்டு அவர்களிடமிருந்து கூடுதல் கவனத்தை எதிர்பார்ப்பது நடக்காத காரியம். மாலை வகுப்பு வேண்டுமானால் வாரம் இருமுறை, சிறு குழுவாக, அரைமணி நேரம் போதும்.

திரைகளும் புத்தகங்களும்

நன்கொடை கைக்கு வரும்போது கண்ணுக்குத் தெரியும் பொருளை வாங்கத் தோன்றுவது இயல்பு; கொடுப்பவர்களும் அதையே விரும்புவார்கள். ஆனால் பொருள் மட்டும் கற்றலை உயர்த்துவதில்லை என்பதற்கு நிறையச் சான்றுகள் இருக்கின்றன. பெரு நாட்டின் கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என வழங்கியதன் விளைவை ஆராய்ந்த 2012ஆம் ஆண்டு ஆய்வு, கணிதத்திலோ மொழியிலோ மதிப்பெண் உயரவில்லை என்று கண்டது. கணினிதான் என்றில்லை. கென்யாவில் பாடநூல்களை இலவசமாக வழங்கிப் பார்த்தபோது, ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களுக்கு மட்டுமே அது பயன்பட்டது. பாடநூல் ஆங்கிலத்தில், பெரும்பாலான பிள்ளைகளுக்கு எட்டாத மட்டத்தில் இருந்ததால், மற்றவர்களால் அதைப் படிக்கவே முடியவில்லை. உங்கள் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஏழாம் வகுப்பு மாணவருக்கு, ஏழாம் வகுப்புப் பாடத்தைத் திரையில் வண்ணத்தில் காட்டினாலும் நிலைமை அதேதான்.

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்ற வகைப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசிரியர் பயிற்சிகளில் இது இன்றும் சொல்லிக்கொடுக்கப்படுவதால் நீங்கள் நம்பியதில் வியப்பில்லை. ஆனால் ஹெரால்ட் பாஷ்லரும் அவருடன் சேர்ந்த மூன்று உளவியலாளர்களும் 2008இல் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மாணவரின் கற்றல் பாணிக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவுரைத்தார்கள். படம் எல்லோருக்கும் உதவும், பாடம் படத்தைக் கேட்கும்போது. நிலப்படமின்றிப் புவியியல் நடத்த முடியாது. செய்யுளுக்கு ஓசைதான் முக்கியம். எதைக் காட்டுவது என்பதைப் பாடம்தான் தீர்மானிக்க வேண்டும்.

அப்படியானால் நன்கொடையை எதற்குச் செலவிடுவது? பிள்ளைகளின் மட்டத்துக்கேற்ப, அவர்கள் வயதுக்குக் குழந்தைத்தனமாகத் தோன்றாத சிறு வாசிப்பு நூல்கள், ஒரே தலைப்பில் பல பிரதிகளாக. கணிதத்துக்கு எண்கோடு, பின்னப் பட்டைகள், இடமதிப்புக் கட்டைகள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சிறு எழுதுபலகை: ஆசிரியர் கேட்டதும் எல்லோரும் விடையை எழுதித் தூக்கிக் காட்டினால், கைதூக்கும் நான்கு பேரை வைத்து வகுப்பே புரிந்துகொண்டது என்று நினைப்பது நின்றுவிடும். அதன்பின் பணம் மிஞ்சினால், ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பில் இன்னொருவர் அமர்ந்து பார்ப்பதற்கு நேரம் உண்டாக்கும்படி ஒரு மாற்று ஆசிரியரைப் பகுதி நேரமாக அமர்த்துங்கள். ஸ்மார்ட் போர்டு வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அறிவியல் ஆசிரியர் கேட்டால் ஓர் அறையில் ஒன்றை வைத்துப் பார்க்கலாம்.

வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். ஒன்று சொல்கிறேன்: கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை உரையாடல்களைப் பதிவு செய்து அளந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடிகளாக்கியதும் விடைகள் நீண்டன, இதுவரை வாய் திறக்காத மாணவர்களும் பேசினார்கள். இதற்கு நன்கொடையே தேவையில்லை.

வாரத் தேர்வும் தரவரிசையும்

வாரத் தேர்வை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஐந்து அம்சங்களில் இதற்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது. 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைப் படித்துவிட்டு மீண்டும் படித்தவர்களையும், மீண்டும் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடும் மற்றவர்களுக்கு 42 விழுக்காடும் நினைவிலிருந்தன. நினைவிலிருந்து எடுத்து எழுதும் முயற்சியே கற்றல்தான். ஆகவே தேர்வு சிறியதாக இருக்கட்டும். அந்த வாரப் பாடத்தோடு, மூன்று வாரத்துக்கு முந்தைய பாடமும் கலந்து வரட்டும்.

கெடுப்பது தரவரிசைதான். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், விடைத்தாளில் குறிப்புரை மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த பணியில் முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. மதிப்பெண்ணும் குறிப்புரையும் சேர்த்துப் பெற்றவர்களும் முன்னேறவில்லை என்பதுதான் யோசிக்க வைக்கிறது. மதிப்பெண்ணைக் கண்டதும் குறிப்பை யாரும் படிப்பதில்லை. போட்டி இருந்தால்தான் படிப்பார்கள் என்கிறீர்கள். முதல் பத்து இடத்துக்குள் வர வாய்ப்பிருப்பவர்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். நாற்பதாம் இடத்தில் இருப்பவருக்குப் போட்டியே கிடையாது, வாராவாரம் ஓர் அறிவிப்பு மட்டுமே உண்டு. உங்கள் கவலையோ அந்த நாற்பதாம் இடத்தைப் பற்றியது.

உங்கள் தயக்கத்துக்கு உரிமை சார்ந்த அடிப்படையும் இருக்கிறது. ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டு குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 16ஆம் பிரிவில் குழந்தையின் அந்தரங்கத்தையும் நற்பெயரையும் பாதுகாக்கிறது. பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் மாண்புக்கு இசைவாக இருக்க வேண்டும் என்று 28ஆம் பிரிவு சொல்கிறது. மதிப்பெண் மாணவருக்கும் அவர் பெற்றோருக்கும் உரிய தகவல். பொதுச் சுவருக்கு உரியதல்ல. உங்கள் நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இதில் இன்னும் கடுமையாக இருக்கக்கூடும் என்பதால், பட்டியல் ஒட்டும் யோசனையை வரைவிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

ஊதிய உயர்வு

இதை நான் தள்ளிப்போடச் சொல்வேன். ஆந்திரப் பிரதேசத்தில் 2005இல் தொடங்கிய ஓர் ஆய்வில், மாணவர் முன்னேற்றத்துக்கு ஏற்ப ஆசிரியர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தபோது மதிப்பெண்கள் உயர்ந்தது உண்மை. ஆனால் அங்கே தேர்வை நடத்தியவர்கள் வெளியார், அளந்தது ஒவ்வொரு மாணவரும் எவ்வளவு முன்னேறினார் என்பதை. உங்கள் வரைவில் கேள்வித்தாள் தயாரிப்பவரும் திருத்துபவரும் ஊதிய உயர்வு பெறுபவரும் ஒருவரே. அட்லாண்டா நகரப் பள்ளிகளில் மதிப்பெண் இலக்கை எட்டும் அழுத்தம் முற்றியபோது மாணவர்களின் விடைகளைப் பெரியவர்களே அழித்துத் திருத்தினார்கள். 2015இல் 11 பேரைக் குற்றவாளிகள் என நீதிமன்றம் அறிவித்தது. தேர்ச்சி எல்லைக்கோட்டுக்கு மிகக் கீழே இருக்கும் பிள்ளைமேல் நேரம் செலவிடுவது வீண் என்று ஒரு நேர்மையான ஆசிரியரையும் கணக்குப் போட வைத்துவிடும் விதி இது.

நிர்வாகக் குழுவிடம் எப்படிச் சொல்வது

குழுவினர் ஓராண்டுக்குள் தேர்ச்சி விழுக்காடு உயர வேண்டும் என்பார்கள். பத்தாம் வகுப்பில் அது ஓரளவு உயரலாம். ஆனால் ஆறாம் வகுப்பில் சரிசெய்யும் வாசிப்பின் பலன் பொதுத்தேர்வில் தெரிய நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதை முதல் கூட்டத்திலேயே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதற்குப் பதிலாக வேறோர் அளவைக் கொடுங்கள்: கல்வியாண்டுத் தொடக்கத்தில் தன் வகுப்புப் பாடநூலைத் தடையின்றிப் படிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர், அரையாண்டில் எத்தனை பேர், ஆண்டிறுதியில் எத்தனை பேர். இந்த எண்ணைக் கேள்வித்தாளின் கடினம் மாற்றாது. குழு உறுப்பினர் யாருக்காவது ஐயமிருந்தால் ஒரு பிள்ளையை அழைத்துத் தாமே படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்.

கொள்கை என்று எழுதும்போது ஐந்து அம்சத்தை ஒன்றாகத் தொடங்காதீர்கள். முதல் பருவத்தில் தனித்தனி வாசிப்புச் சோதனையும் குழுப் பாடவேளையும் மட்டும். வாரத் தேர்வு இரண்டாம் பருவத்தில் வரட்டும். கணித ஆசிரியர்கள் அனைவரும் உடன்படாவிட்டால், விருப்பமுள்ள ஒருவருடன் ஒரே வகுப்பில் தொடங்குங்கள். மற்றவர்களை வற்புறுத்திச் சேர்த்தால் பதிவேடு மட்டும் நிரம்பும். மூன்று வகுப்புகளுக்கும் ஒரே நேரத்தில் பாடவேளை ஒதுக்குவதுதான் நடைமுறையில் சிக்கலாக இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் கால அட்டவணையையும், எந்த ஆசிரியருக்கு வாரத்தில் எத்தனை பாடவேளை என்ற விவரத்தையும் அனுப்பினால், அதை எப்படி நுழைப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.